ஞாயிறு ராத்திரிக்கு எந்தக் காதல் படம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாலு பேரும் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதே கால் வரைக்கும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவி பார்த்தோம். கடலூரில் எங்கள் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் இது வருஷத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை, மகளுக்குப் பத்தாம் வகுப்பு, அத்தைக்கு ஏழு மணிக்கு மேல் சீரியல், எனக்கு அடுப்படி. எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தோம் என்றால் அந்த விளம்பரம் அப்படி. இரண்டு வாரமாக ஒவ்வொரு சீரியலுக்கும் நடுவில் மழை, குடை, மஞ்சள் சுவர், வயலின். தியேட்டருக்குப் போகாமல் டிவிக்கென்றே எடுத்த காதல் படமாம். "தொலைக்காட்சியில் முதல்முறையாக" என்று வேறு போட்டார்கள். டிவிக்கென்றே எடுத்த படம் வேறெங்கே முதலில் வரும் என்று மகள் கேட்டாள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

படம் சப்பென்று இருந்தது. மோசம் என்று திட்டக்கூட முடியவில்லை, அதுதான் கடுப்பு. மோசமான படமென்றால் நாலு நாள் பேசிச் சிரிக்கலாம். இது உப்பில்லாத பொங்கல்.

சேனலும் படமும் எதுவென்று இங்கே சொல்லப்போவதில்லை, இந்த மாதிரிப் படங்கள் எல்லாமே ஒரே அச்சுதான். பிரச்சினை என்னவென்றால், வரும் ஞாயிறு வில்லியனூரிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வருகிறார். அதே வரிசையில் அடுத்த காதல் படம் அன்றைக்கு வருகிறது என்று இப்போதே விளம்பரம் ஓடுகிறது. நாத்தனாருக்குக் காதல் படம் என்றால் சாப்பாடு வேண்டாம். "நீயே பாத்து முடிவு பண்ணு" என்று வீட்டுக்காரர் என் தலையில் கட்டிவிட்டார். படம் நன்றாக இருந்தால் டிவிக்குப் பெருமை, நன்றாக இல்லாவிட்டால் எனக்குத் திட்டு என்பது இதன் அர்த்தம். அதனால் ஒரு வாரமாக என்னென்ன வழி இருக்கிறதென்று யோசித்ததை எழுதி வைக்கிறேன், உங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வரும்.

முதலில் நாங்கள் பார்த்த அந்தப் படம். பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண், தாத்தா விட்டுப்போன வீட்டை விற்பதற்காகப் புதுச்சேரிக்கு வருகிறாள். பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீல ஜன்னல். எதிர்வீட்டில் காபிக் கடை வைத்திருக்கும் பையன். அவள் விற்கலாம் என்கிறாள், அவன் வேண்டாம் என்கிறான், நடுவில் சைக்கிளில் சுற்றுகிறார்கள். வீட்டை விற்றுத்தான் ஆக வேண்டும் என்கிற கட்டாயம் அவளுக்கு இல்லை, கைநிறையச் சம்பளம். அவனுக்கும் கடன் கிடையாது, வீட்டில் எதிர்ப்பு கிடையாது, சாதி என்ற பேச்சே கிடையாது, அவனுடைய அம்மா முதல் காட்சியிலேயே அந்தப் பெண்ணுக்குத் தோசை வார்த்துப் போடுகிறார். கடைசியில் ஒரு பில்டர் வருகிறார், சரி, இவராவது ஏதாவது செய்வார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அவரும் "பரவாயில்லம்மா, உங்க மனசு போல செய்யுங்க" என்று அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். வில்லன்கூட வாழ்த்திவிட்டுப் போகும் படத்தில் நமக்கு என்ன வேலை?

அவன் காதலைச் சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் போன் அடித்தது. மகள் கணக்கு ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள், ஐந்து முறை. ஐந்து முறையும் போன் அடித்தவுடனே அவன் முகம் அப்படியே உறைந்து நிற்க, டொய்ங் என்று ஒரு சத்தம், அப்புறம் சோப்பு விளம்பரம். மறுநாள் அந்த சேனலின் ஆப்பில் படத்தைப் போட்டிருந்தார்கள், நீளம் 1 மணி 45 நிமிடம் என்று இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது இரண்டே முக்கால் மணி நேரம். மிச்சம் ஒரு மணி நேரம் எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதிகளில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி எங்களுக்கு 33 நிமிடம்தான் வந்திருக்க வேண்டும்.

இதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் புதுச்சேரியிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிற எங்களுக்கே புதுச்சேரியைத் தப்பாகக் காட்டினால் எப்படி? பையன் ராத்திரி எட்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலையை ஒட்டி, புல்லட்டில் அந்தப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு போகிறான். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சாலையை வண்டிகளுக்கு மூடினால் மறுநாள் காலை ஏழரைக்குத்தான் திறப்பார்கள், இது புதுச்சேரிக்கு ஒருமுறை போய் வந்தவர்களுக்கெல்லாம் தெரியும். "பேரிகேடை எப்படித் தாண்டினான்?" என்று வீட்டுக்காரர் படம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார், கதையில் அவருக்கு இருந்த ஒரே சந்தேகம் அதுதான்.

அடுத்தது இன்னும் அழகு. இரண்டு பேரும் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், முகத்தில் செக்கச்செவேல் என்று வெளிச்சம், பின்னால் கடலில் சூரியன் மெல்ல மறைகிறது. அத்தை கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, நம்ம கடல்ல எப்பம்மா பொழுது சாஞ்சிது?" என்றார். அத்தை தேவனாம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர், சில்வர் பீச் என்று ஊருக்குப் புதுப்பெயர் வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கடலைப் பார்த்தவர். நம் பக்கம் சூரியன் கடலில் உதிக்கும், மறைவது ஊருக்குள்ளே. எனக்குத் தோன்றுவது, சாயங்காலத்தில் அந்த இடத்தில் கூட்டம் நெரியும், ஞாயிறென்றால் காந்தி வீதி சண்டே மார்க்கெட் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், அதனால் விடியற்காலையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து எடுத்துவிட்டு அதையே சாயங்காலம் என்று ஒட்டிவிட்டார்கள். எடிட்டிங் ரூமில் உட்கார்ந்தவருக்குக் கிழக்கு மேற்கு தெரியவில்லை, அல்லது தெரிந்தும் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். இரண்டாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. படத்தில் புதுச்சேரி என்பது மூன்றே தெருதான். முத்தியால்பேட்டை இல்லை, நெல்லித்தோப்பு இல்லை, ஒயிட் டவுனையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு கால்கூட வைக்கவில்லை. தமிழ்த் தாத்தா கட்டிய வீடு என்கிறார்கள், திண்ணை எங்கே? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனால் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்த தமிழ் வீடுகள் இன்னும் நிற்கின்றன. தாத்தாவை அங்கே குடிவைத்திருந்தால் அந்த வீட்டை விற்பதா வேண்டாமா என்பதாவது கொஞ்சம் வலித்திருக்கும். மஞ்சள் சுவரை விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன?

சரி, ஏன் இப்படி எடுக்கிறார்கள்? கொஞ்சம் தேடிப் படித்தேன். இந்த ஊர் மட்டும் இல்லை, இந்தத் தொழிலின் பெரிய ஆள் அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல். 1910ல் கான்சாஸ் சிட்டியில் அஞ்சலட்டை விற்கத் தொடங்கி, அப்புறம் வாழ்த்து அட்டையில் பெரிதாக வளர்ந்த கம்பெனியின் சேனல் அது. 2009லிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரிசையாகக் காதல் படங்களாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். பெரும்பாலும் கனடாவில்தான் ஷூட்டிங், இரண்டு மூன்று வாரத்தில் ஒரு படத்தை முடித்துவிடுவார்கள், வெயில் காலத்தில் செயற்கைப் பனியைத் தூவி, நடிகர்களுக்குக் கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டு. இரண்டு மணி நேர ஸ்லாட்டில் விளம்பரத்துக்குப் போக மிச்சம் ஒன்றரை மணி நேரத்துக்குள் படம் அடங்க வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்துக்கு முன்னாலும் ஆள் எழுந்து போகாத மாதிரி ஒரு சின்னக் கொக்கி போட வேண்டும். எங்கள் படத்தில் போன் அடித்ததே, அதுதான் அந்தக் கொக்கி. அங்கேயும் பெரிய நகரத்துப் பெண் சின்ன ஊருக்கு வருவாள், அங்கேயும் ஏதாவது ஒரு கடை வைத்த பையன் இருப்பான், முத்தம் கடைசிக் காட்சிக்கு முன்னால் வரவே வராது. அதில் தோசைக்குப் பதில் குக்கீஸ், அவ்வளவுதான்.

இந்தப் படங்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றன என்பது எனக்கு அத்தையைப் பார்த்துத்தான் புரிந்தது. படம் முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் புலம்பிக்கொண்டிருக்க, அத்தை மட்டும் "நல்லாத்தான் இருந்துச்சு, பாவம் அந்தப் புள்ளைங்க" என்றார். பொழுது சாய்ந்த விஷயத்தில் மட்டும்தான் அவருக்குக் குறை. ஏனென்றால் அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தில் அவர் ஒரு பெரிய முறம் முருங்கைக்கீரையை உருவி முடித்திருந்தார், நடுவில் இரண்டு முறை எழுந்து போய்ப் பாலைப் பார்த்துவிட்டு வந்தார், பக்கத்து வீட்டு அக்காவிடம் காம்பவுண்டு சுவரோரம் பத்து நிமிஷம் பேசினார், திரும்பி வந்து உட்கார்ந்தபோது கதை விட்ட இடத்திலேயே நின்றது. அப்படி எழுந்து போகிறவர்களுக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் இந்தப் படத்தையே எடுத்திருக்கிறார்கள். ஆனால் எழுந்து போகிறவருக்கு எதுவும் விட்டுப்போகாத கதையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கும் எதுவும் கிடைக்காது, அந்தக் காதலர்களுக்கும் இழக்க எதுவும் இருக்காது. நாங்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் எங்கள் தப்பு.

ஆக என்னுடைய முதல் கேள்வி மாறிவிட்டது. அன்றைக்கு எத்தனை பேர் கையில் வேலை இருக்கும், எத்தனை பேர் கை சும்மா இருக்கும்? வரும் ஞாயிறு ஏழு பேர், மத்தியானமே சமையல் முடிந்துவிடும், ஏழு பேர் கையும் சும்மாதான். டிவி படத்துக்கு இது ஆகாத கூட்டம்.

சீரியல் பக்கம் போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், ஒரு நிமிஷம்தான். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு சீரியலைச் சேர்த்து மகா சங்கமம் என்று நீட்டிப் போடுவார்கள். டிவி படத்தில் தடையே இல்லை என்றால் சீரியலில் தடையைத் தவிர வேறெதுவும் இல்லை. தாலியை எடுத்துக் கழுத்துப் பக்கம் கொண்டுபோக மூன்று வாரம் ஆகிறது. நாத்தனார் பார்க்கிற சேனலும் அத்தை பார்க்கிற சேனலும் வேறு வேறு, ரிமோட்டுக்கு நடக்கும் சண்டையில் வேறொரு சீரியலே எடுக்கலாம். விடுங்கள்.

தியேட்டர். இதைத்தான் மகள் விரும்புகிறாள். கடலூரிலேயே தியேட்டர் உண்டு, ஆனால் அவளுக்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும், மால் மாடியில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ரத்னா தியேட்டராவது. எனக்கும் தியேட்டர் மேல் ஆசை உண்டு, பொய் சொல்லவில்லை. காதல் படத்தை இருட்டில், போன் அடிக்காமல், எழுந்து போக வழியில்லாமல் பார்க்கிற சுகம் வீட்டில் வராது. கை சும்மா இருப்பவர்களுக்கென்றே கட்டிய இடம் அது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியாக நாங்கள் நாலு பேர் போனபோது டிக்கெட், பாப்கார்ன், பஸ், திரும்பும் வழியில் பரோட்டா எல்லாம் சேர்ந்து 1,800 ரூபாயைத் தாண்டியது. இப்போது ஏழு பேர். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யைக் குறைத்தார்களே என்று வீட்டுக்காரர் சொல்கிறார். 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்குத்தான் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் போனால் பழையபடி 18 சதவீதம்தான், மால் டிக்கெட் எந்தக் காலத்தில் 100 ரூபாய்க்குள் இருந்தது? அதோடு ஞாயிறு சாயங்காலம் அரியாங்குப்பம் பாலத்தில் மாட்டினால் இடைவேளைக்குத்தான் போய்ச் சேருவோம். ராத்திரி ஆட்டம் விட்டுத் திரும்பும்போது கன்னியக்கோவில், முள்ளோடை எல்லையில் மதுக்கடைகளிலிருந்து ஏறுகிற கூட்டத்தோடு பஸ்ஸில் அத்தையை நிற்க வைக்க முடியாது. இதையெல்லாம் விட முக்கியம், தியேட்டரில் நமக்கு வேண்டியது ஓடாது, அந்த வாரம் ஓடுவதைத்தான் பார்க்க வேண்டும். இந்த வாரம் ஓடுவதில் ஒன்றில்கூட காதல் இல்லை, எல்லாவற்றிலும் அரிவாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி சொல்லிக்கொடுக்கிற அல்லியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சுப் படம் போடுவார்களே என்று மகள் ஒரு தூண்டில் போட்டாள். 1889லிருந்து இருக்கிற இடம், நானும் கல்லூரிக் காலத்தில் போயிருக்கிறேன், நல்ல படங்கள் பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தைக்கு சப்டைட்டில் படிக்க வராது, என் வீட்டுக்காரர் தூங்கிவிடுவார். அது நானும் மகளும் மட்டும் போகிற ஒரு நாளைக்கு.

அடுத்தது ஓ.டி.டி.யில் கிடைக்கும் வெளிநாட்டு டிவி காதல் படங்கள். சிலவற்றுக்குத் தமிழ் டப்பிங் இருக்கிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதே அச்சில் வார்த்த கதையாக இருந்தாலும் இவை நம்மூர் டிவி படத்தைவிட எனக்குச் சுலபமாக இறங்குகின்றன. காரணம் படம் நன்றாக இருப்பதல்ல. அந்த ஊரில் சூரியன் எந்தப் பக்கம் மறையும் என்று எனக்குத் தெரியாது. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வண்டி விடமாட்டார்கள் என்றும் தெரியாது. பொய் சொன்னாலும் பிடிபடாது. ஆனால் டப்பிங்கில் "ஓ அன்பே, நீ என்னைப் பெருமைப்படுத்திவிட்டாய்" என்று ஒரு தாத்தா பேத்தியிடம் சொல்வதைக் கேட்டு நாத்தனார் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அதற்குப் பிறகு அது காதல் படமாக இருக்காது. ஜுரம் வந்து படுத்திருக்கும் நாளில் தனியாகப் பார்க்க ஏற்றது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை, ஜுரத்தில் நான் மூன்று பார்த்தேன், மூன்றும் ஒரே படம் என்றுதான் ஞாபகம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். டிவியில் முதலில் வருவதெல்லாம் டிவிக்கென்று எடுத்ததல்ல. 2021 ஏப்ரல் 4ஆம் தேதி, சட்டமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், 'மண்டேலா' நேராக விஜய் டிவியில்தான் வந்தது. அப்புறம் தேசிய விருதே வாங்கியது. எங்கள் வீட்டிலும் அன்றைக்கு யாரும் எழுந்து போகவில்லை, அத்தைகூட. அது காதல் படம் இல்லை, ஆனால் ஒரே ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு அந்த மனுஷனுக்குக் கிடைக்கிறதும் போகிறதும் எவ்வளவு! அதேபோல '96' படம் 2018 அக்டோபர் 4ஆம் தேதி தியேட்டருக்கு வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நவம்பர் 6, தீபாவளியன்று சன் டிவியில் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று திரிஷாவே கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. நாங்கள் தீபாவளி பலகாரத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்தோம், விளம்பரம் குறைவொன்றும் இல்லை, வெளியே வெடிச்சத்தம் வேறு. அப்படியும் ஜானு அந்த வீட்டில் பாடும்போது யாரும் முறுக்கைக் கடிக்கவில்லை. அதனால் விளம்பரத்தின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. பெட்டி அதேதான், சோப்பு அதேதான். அங்கே அந்த ராத்திரி விடிந்தால் அவள் விமானம் ஏறிப் போய்விடுவாள், இங்கே பெங்களூருக்குப் பஸ் தினமும் இருக்கிறது.

பணம் இல்லை, நாள் இல்லை, ஒரே இடத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது என்று டிவி படக்காரர்கள் சார்பாக வீட்டுக்காரர் வாதாடினார். அதற்குப் பதிலாகத்தான் எனக்கு அடுத்த வழி ஞாபகம் வந்தது. 1962ல் ஸ்ரீதர் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எடுத்தார். பெரும்பாலும் ஒரே ஒரு மருத்துவமனை செட். ஒரு மாதத்துக்குள் ஷூட்டிங்கை முடித்துவிட்டார்கள். கருப்பு வெள்ளை. கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன் என்று மூன்றே பேரைச் சுற்றித்தான் கதை, சிரிக்க வைக்க நாகேஷ். இன்றைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோய் ஒரு சேனலில் கொடுத்தால் டிவி படத்துக்கு ஏற்ற பட்ஜெட் என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் அடுத்த வருஷமே ஸ்ரீதர் இந்திக்குக் கொண்டுபோய் 'தில் ஏக் மந்திர்' என்று எடுக்கிற அளவுக்கு அது ஓடியது.

வித்தியாசம் கதையின் முதல் முடிச்சிலேயே இருக்கிறது. புற்றுநோயோடு வரும் கணவனை மனைவி ஒரு மருத்துவமனையில் சேர்க்கிறாள். அங்கே வைத்தியம் பார்க்க வேண்டிய டாக்டர் ஒரு காலத்தில் அவளைக் காதலித்தவர். முடிந்தது, இனிமேல் செட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். டாக்டர் நோயாளியைக் காப்பாற்றினால் ஒன்றை இழக்கிறார், காப்பாற்றாவிட்டால் எல்லாவற்றையும் இழக்கிறார், அவள் டாக்டரை நம்பித்தான் ஆக வேண்டும், நம்பவும் பயம். அந்தக் கணவனோ, நான் போய்விட்டால் நீ அவரையே கல்யாணம் செய்துகொள் என்கிறான். அதற்கு அவள் சொல்லும் பதில்தான் 'சொன்னது நீதானா'. கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, சுசீலா குரல். பாட்டைக் கேட்டிருப்பீர்கள், காட்சியோடு பார்த்திருக்கிறீர்களா? ஓர் அறை, ஒரு கட்டில், அதில் படுத்திருக்கிற கணவன், அவள். வின்சென்ட்டின் கேமராவுக்குப் போக இடமே இல்லை, அந்த இடமில்லாத இடத்தில்தான் அது நகர்கிறது. மழை, குடை, காகிதப்பூ ஒன்றும் கிடையாது.

"பிளாக் அண்ட் ஒயிட்டா? போம்மா" என்று மகள் முதலில் கேட்கவே மறுத்துவிட்டாள். புதன்கிழமை ராத்திரி அவள் படித்து முடித்துவிட்டுப் போனைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, இந்த ஒரு பாட்டை மட்டும் பார் என்று போட்டுக் காட்டினேன். எடுத்த எடுப்பில் சிரித்தாள், அந்தக் காலத்து நடிப்பாம். பாதிப் பாட்டில் சிரிப்பு நின்றது. முடிந்ததும், "அந்த ஆள் செத்துடுவாரா?" என்று கேட்டாள். சொல்லமாட்டேன் என்றேன். "சும்மா சொல்லும்மா." சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லமாட்டேன், அறுபது வருஷத்துக்கு மேல் ஆனாலும். அன்றைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பார்த்த படத்தில் அவள் ஒரு தடவைகூட அடுத்து என்ன ஆகும் என்று கேட்கவில்லை, போன் எத்தனை முறை அடிக்கும் என்றுதான் கேட்டாள்.

பழைய படத்திலும் குறை உண்டு, நாத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அழ வைக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்த இடத்தில் அழுதுகொண்டு வில்லியனூர் பஸ் ஏறுவதா என்று கேட்பார். தியாகம் கொஞ்சம் தூக்கல், இந்தக் காலத்துப் பெண்ணுக்கு அங்கங்கே கோபம் வரும், எனக்கே வரும். கணவன் யாரிடம் அவளை ஒப்படைப்பது என்று இரண்டு ஆண்கள் பேசிக்கொள்வதைப் பார்த்து மகள் கேள்வி கேட்பாள், கேட்கட்டும், அதற்குப் பதில் சொல்ல அந்தப் படத்திலேயே தேவிகா இருக்கிறார். நெட் நின்று போனால் எல்லாம் போச்சு, அதனால் முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், எங்கள் தெருவில் சாயங்காலமானால் வைஃபை சுற்றிக்கொண்டே இருக்கும். நாத்தனார் பையன்கள் இரண்டு பேரும் பத்து நிமிஷத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கு எந்தப் படம் போட்டாலும் அதே கதைதான், அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வீட்டுக்காரர் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். படமே வேண்டாம், ஏழு பேரும் சில்வர் பீச்சுக்குப் போய் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டு வரலாம், செலவு 200 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிறு சாயங்காலம் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அதோடு நாத்தனார் வருவதே எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கத்தான். கல்யாணத்துக்கு முன்னால் இந்த வீட்டில் அவரும் அத்தையும் ஞாயிறு சாயங்காலம் தூர்தர்ஷன் படத்துக்கு முன்னால் இடம்பிடித்து உட்கார்ந்தவர்கள். பீச் வேண்டுமானால் காலையில் போகட்டும், சூரியன் சரியான பக்கத்தில் இருக்கும்போது.

அதனால் இப்படித்தான் வைத்திருக்கிறேன். மத்தியானம் துறைமுகத்திலிருந்து மீன், கிடைத்தால் வஞ்சிரம். நாலரைக்கு டீ. ஐந்து மணிக்கு 'நெஞ்சில் ஓர் ஆலயம்', நடுவில் ஒரே ஒரு இடைவேளை, அதை நாங்களே விடுவோம். எட்டரைக்குள் நாத்தனார் குடும்பத்துக்கு புதுச்சேரி பஸ் பிடித்துவிடலாம், அங்கிருந்து வில்லியனூருக்கு வண்டிக்குக் குறைவில்லை. மகள் இருபது நிமிஷம் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள், அதற்கு மேல் பிடிக்காவிட்டால் மாடிக்குப் போக அனுமதி. டாக்டர் விஷயம் தெரியாமல் போகமாட்டாள் என்று நினைக்கிறேன்.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். நெல்லிக்குப்பத்தில் தன் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தாராம், நாகேஷ் வந்த இடம் மட்டும்தான் சிரிப்பு, மிச்சமெல்லாம் மூக்கைச் சிந்தினது என்றார். சந்தோஷம்தான். ஆனால் போகிறபோது திரும்பி நின்று, அப்போ டிவியில் அந்தப் புதுப்படம் என்ன ஆகும் என்று கேட்டார். திங்கட்கிழமை மத்தியானம் மறுபடியும் போடுவார்கள் அத்தை என்றேன்.

"அப்ப சரி. கீரை ரெண்டு கட்டா வாங்கி வெச்சிடும்மா, படம் பெருசு."